எதிர் நாற்காலிக்கு ஒரு கஞ்சி

“அக்கா, அந்தக் கிண்ணத்தை எடுக்காதீங்க. அவர் இன்னும் சாப்பிடல.”

கஞ்சிக் கடைக்காரி குவான் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். எதிர் நாற்காலியில் யாரும் இல்லை. மீன் கஞ்சி ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது.

சியோ வெங் தன் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டான். மக்காவ் சூதாட்ட விடுதி ஒன்றில் சீட்டுப் போடுகிறவன். காலை வேலை முடிந்து மத்தியானம் மூன்று மணிக்கு வருவான், இரண்டு கஞ்சி வாங்குவான். ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, இன்னொன்றை எதிரே வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். மூன்று வருஷமாக அதே மேஜை, சமையலறைத் தடுப்பை ஒட்டிய மேஜை.

“வாயைத் திறக்கக் கூடாதுன்னுதான் இத்தனை நாள் இருந்தேன்,” என்றாள் குவான். “உள்ள சமைக்கறவர் என் உயிரை எடுக்கறார். தினம் ஒரு கிண்ணம் தொடாமத் திரும்பி வருதே, என் கைப்பக்குவத்துல என்ன குறைன்னு கேக்கறார். வெளிய வந்து நீங்களே கேளுங்கன்னா, அதுக்கும் வரமாட்டார்.”

“கஞ்சில குறையே இல்லக்கா.”

“அப்ப யாருக்குப்பா இது? பொண்டாட்டிக்கா, அம்மாவுக்கா?”

“பேர் தெரியாது.”

“பேரே தெரியாத ஆளுக்கா மூணு வருஷமாக் கஞ்சி வாங்கற?” குவான் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இன்னிக்கோட சரிக்கா. வேலையை விட்டுட்டேன். சீட்டைத் திருப்பறப்ப எல்லாம் அந்த ஆளோட முகம்தான் வருது.”

“எந்த ஆளு?”

சியோ வெங் தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னான். அன்றைக்கும் காலை வேலைதான். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், சாம்பல் நிறச் சட்டை, இடது புருவத்தில் குறுக்கே ஒரு தழும்பு. முந்தின நாளிலிருந்தே மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை என்றார்கள். மிச்சமிருந்த பந்தய வில்லைகளையெல்லாம் ஒரே தள்ளாகத் தள்ளி வைத்தார். சியோ வெங் சீட்டைத் திருப்பினான். போயிற்று.

“வழக்கமா கத்துவாங்கக்கா. மேஜையைக் குத்துவாங்க, என்னைப் பெத்தவளை இழுப்பாங்க. இவர் சத்தமே போடல. என்னைப் பார்த்து, ‘தம்பி, இங்க நல்லதா எங்க சாப்பிடலாம்?’னு கேட்டார்.”

“கேட்டா என்ன?”

“ஜெயிச்சவங்கதான் அதைக் கேப்பாங்க. ரெண்டாவது மாடியில நண்டு சாப்பிடுங்க, மேல் மாடியில உட்கார்ந்து குடிச்சா கடல் தெரியும்னு சொல்லி அனுப்புவோம். தோத்தவன் எவனும் சாப்பாட்டைப் பத்திக் கேட்டதே இல்ல. எனக்கு அப்பவே ஏதோ சரியில்லன்னு பட்டுச்சு. மேற்பார்வையாளர் வேற முறைக்கறான். பின்வாசல் வழியாப் போங்க, ரெண்டாவது சந்துல கஞ்சிக் கடைன்னு உங்க கடையைத்தான் சொன்னேன். தலையை ஆட்டிட்டு எழுந்து போனார்.”

உள்ளே கடகடத்துக்கொண்டிருந்த கரண்டிச் சத்தம் நின்றது.

“மறுநாள் பேப்பர்ல போட்டிருந்தான். பாலத்துக்குக் கீழ ஒரு உடம்பு கரை ஒதுங்கியிருக்கு. வெளியூர் ஆளாம், சாம்பல் சட்டையாம், தேடி யாரும் வரலையாம். நான் போலீஸுக்குப் போகலக்கா. போய் என்ன சொல்றது? கடைசிச் சீட்டு என் கையாலதான் விழுந்துச்சுன்னா? வயிறு நெறையச் சாப்பிட்டுட்டுப் போனாரா, பசியோடவே போனாரா, அதுகூட எனக்குத் தெரியாது.”

குவானின் முகம் மாறியது. “இது எப்ப நடந்துச்சு?” என்றாள்.

“மூணு வருஷம் ஆச்சு. படகுப் போட்டி முடிஞ்ச மறுநாள்.”

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். சமையலறைப் பக்கம் பார்த்தாள். அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

சியோ வெங் காலி நாற்காலியின் முன் இரண்டு கைகளையும் விரித்தான். உள்ளங்கையைக் காட்டி, புறங்கையைத் திருப்பிக் காட்டினான். எதையும் ஒளிக்கவில்லை என்று, மேஜையை விட்டு எழும்போது சீட்டுப் போடுகிறவர்கள் செய்வது.

“மன்னிச்சிடுங்க. நான் இனிமே வரமாட்டேன்,” என்று தலை குனிந்தான்.

நாற்காலி தரையை உரசிக்கொண்டு நகர்ந்தது.

சியோ வெங் நிமிர்ந்தான். எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெயிலே படாமல் வெளுத்துப்போன முகம், புருவத்தில் அந்தத் தழும்பு. இரண்டு கைகளும் முழங்கை வரை நனைந்து, மேஜையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சியோ வெங்கின் முதுகு சுவரில் போய் இடித்தது. கத்தத்தான் வாயைத் திறந்தான். மூச்சுதான் வந்தது.

வந்தவர் ஆறிப்போன கஞ்சியைத் தன் பக்கம் இழுத்து, ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“வயிறு நெறையத்தான் சாப்பிட்டேன் தம்பி. குடுக்கக் காசில்லாம, பாத்திரம் கழுவறேன்னு உள்ள போனவன், அப்படியே சமைக்கறவனா ஆயிட்டேன், இன்னிக்கு வரைக்கும் வெளியவே வரல.”