எதிர்வீட்டுச் சம்பந்தி

“சம்பந்தியம்மா இன்னைக்கும் வந்துட்டுப் போனாங்களா?”

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவள் கேட்டாள். துணிக்கடையில் பகல் முழுக்க நின்று கால் கடுத்துப்போய் வந்திருந்தாள். கூடத்து மூலையில் பழைய போர்வைமேல் அவர்கள் நாய் பஞ்சு படுத்திருக்க, ஐந்து குட்டிகளும் அதன் வயிற்றை முட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு கிண்ணம். அது அவள் வீட்டுக் கிண்ணம் இல்லை.

“வந்தாங்க. பஞ்சுவுக்கு சூப் கொடுத்தாங்க, போயிட்டாங்க” என்றான் கணவன்.

“பஞ்சுவுக்கு மட்டும்தானா?”

“ஆரம்பிச்சுட்டியா?”

ஆரம்பிக்காமல் என்ன செய்வாள்? சமையலறையில் இரண்டு டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளரைக்கூடக் கழுவியறியாத மனிதன். வீட்டில் இருக்கும்போதே இஸ்திரி போட்ட சட்டை வேறு.

சம்பந்தியம்மா என்பது எதிர்வீட்டு ட்யூஷன் டீச்சர். இந்த வருஷம்தான் சிப்பாய் என்ற செம்பட்டை நாயோடு தனியாகக் குடிவந்தாள். சிப்பாய் சுவரேறிக் குதித்து வந்ததைக் கண்ணால் பார்த்ததாகக் கணவன்தான் சொன்னான். பஞ்சுவின் வயிறு பெருத்ததும் எதிர்வீட்டுக்குப் போய் நியாயம் கேட்டவனும் அவனே. “எங்க நாயால வந்தது, எனக்கும் பொறுப்பு இருக்கு” என்று அன்றைக்குப் படியேறியவள்தான் டீச்சர், இன்னும் இறங்கின பாடில்லை. ட்யூஷனோ சாயங்காலம். கணவனோ ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கூப்பிட்ட வீட்டுக்குப் போவான், கூப்பிடாத நேரமெல்லாம் வீட்டில் இருப்பான்.

“பஞ்சு வெள்ளை, சிப்பாய் செம்பட்டை. குட்டிங்க அஞ்சும் கரிக்கட்டையா இருக்கு. அப்பன் ஜாடை ஒண்ணுலகூடக் காணோமே” என்றாள்.

“வளர வளரத் தெரியும்.”

“தெருவுல எல்லாரையும் பார்த்துக் குலைக்குது சிப்பாய். உங்களைப் பார்த்தா மட்டும் வாலை ஆட்டுது.”

“நாய்க்கு நல்லவங்களைத் தெரியும்” என்று சொல்லிவிட்டு அவன் டிவியைப் போட்டான்.

குட்டிகள் இருக்கும் வரைதானே இந்தப் போக்குவரத்து? மறுநாளே கடைக்குச் சரக்கு ஏற்றி வரும் வண்டிக்காரரை வீட்டுக்கு அழைத்து வந்தாள். ஐந்தையும் அட்டைப்பெட்டியில் போட்டு அவர் தூக்கும் நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

“எங்கே கொண்டுபோறீங்க?” என்று வண்டிக்காரரைக் கேட்டாள் டீச்சர்.

“மார்க்கெட் பக்கம் விட்டா யாராவது எடுத்துப்பாங்க.”

“எடுக்கலைன்னா?”

வண்டிக்காரர் தன்னை அழைத்து வந்தவளைப் பார்த்தார். அவள் பஞ்சுவைப் பார்த்தாள். அது பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து முனகிக்கொண்டிருந்தது.

“அக்கா, இன்னும் பாலே மறக்கலை” என்றாள் டீச்சர். “எட்டு வாரமாவது அம்மாகிட்ட இருக்கணும். ஊசி போடணும். என்மேல கோபம்னா என்னைத் திட்டுங்க. நான் உங்க வீட்டுக்குள்ள வரலை, வாசல்லயே நின்னு செஞ்சுட்டுப் போறேன்.”

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது. பெட்டி திரும்ப உள்ளே போனது.

அதன்பிறகு டீச்சர் நடந்த நடையைத் தெருவே பார்த்தது. கேட்டவர்களுக்கெல்லாம் குட்டி கொடுத்துவிடவில்லை. வீடு வீடாகப் போய், கேட் சரியாகச் சாத்துகிறதா, பகலில் ஆள் இருக்கிறதா என்று பெண் கொடுப்பவள் போலக் கேள்வி கேட்டாள். வளர்ந்ததும் கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுவதாக வாக்கு வாங்கிக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் கொடுத்தாள். கடைசிக் குட்டி போன சாயங்காலம் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டவளைப் பார்த்ததும் இவளுக்கு மனசு கேட்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து, தன் கையாலேயே காபி போட்டுக் கொடுத்தாள்.

“மனசுல என்னென்னமோ நினைச்சுட்டேன் டீச்சர். மன்னிச்சுடுங்க.”

டீச்சர் தலை நிமிரவில்லை. “நீங்க ரொம்ப நல்லவங்க அக்கா” என்று மட்டும் சொன்னாள்.

பஞ்சுவின் ஆபரேஷன்தான் பாக்கி. “அதை நான் பார்த்துக்கறேன், நீ அலையாதே” என்று கணவன் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான். சந்தேகப்பட்ட பாவத்துக்குப் பரிகாரமாக அந்த வேலையையாவது தானே செய்துவிடலாமென்று, கடைக்கு லீவு போட்டுவிட்டு அவளே பஞ்சுவைக் கூட்டிக்கொண்டு நாய் டாக்டரிடம் போனாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் மனசு லேசாக இருந்தது.

டாக்டர் பஞ்சுவின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். “நாளைக்கே பண்ணிடலாம். காலையில எதுவும் கொடுக்காம கூட்டிட்டு வாங்க.”

“இன்னொரு நாய்க்கும் பண்ணணும் டாக்டர். எங்க எதிர்வீட்டு ட்யூஷன் டீச்சரோட நாய். அதுதான் குட்டிங்களுக்கு அப்பன். அவங்க எவ்வளவோ செஞ்சாங்க, இந்தச் செலவு என்னோடதா இருக்கட்டும்.”

“பேரு?”

“சிப்பாய். செம்பட்டையா, ஒரு காது மடங்கி இருக்கும்.”

டாக்டர் சிரித்துவிட்டார்.

“சிப்பாய் எப்படிம்மா அப்பனாக முடியும்? அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே நான்தான் ஆபரேஷன் பண்ணினேன். எங்க ஃப்ரிட்ஜை ரிப்பேர் பார்க்கற மெக்கானிக்கும் அவர் சம்சாரம் அந்த டீச்சரும் சேர்ந்துதானே தூக்கிட்டு வந்தாங்க. ஆமா, நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?”