காரோவுக்கு வந்த டாக்டர்

“கத்திரியைக் கொண்டா யஸ்மிங்கா! இன்னைக்கு இவன் முடி மொத்தத்தையும் மழிச்சிடறேன்.”

முற்றத்தில் நின்று கத்தினார் ஸ்வெதோசார். அவர் காலடியில் காரோ கிடந்தது. கரடி மாதிரி ரோமம் அடர்ந்த மலைநாய். நாக்கு தொங்க, விலா இரண்டும் துருத்தி போல அடித்துக்கொண்டிருந்தன. பானாத் சமவெளியில் ஜூலை வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டியிருந்தது.

“மூணு நாளா உள்ள விட்டுக் கதவைச் சாத்தறேன். நான் மிளகாய்க் கொல்லைக்குப் போனதும், கதவைப் பிறாண்டித் திறந்துக்கிட்டு வந்து என் பக்கத்துல வெட்ட வெயில்ல படுத்துக்கறான். ஏன்னே புரியல. இப்படியே போனா இந்த வாரம் தாங்க மாட்டான்.”

“அதுக்குத்தான் நோவி சாத் டவுன்லேர்ந்து டாக்டரைக் கூட்டிட்டு வந்திருக்கேன்ப்பா” என்றாள் மகள் யஸ்மிங்கா. “இவங்க பேரு ராத்மிலா.”

“நாய்க்குன்னதால சரி. எனக்குன்னு கூட்டிட்டு வந்திருந்தா கேட்டோட திருப்பி அனுப்பியிருப்பேன்.”

அனுப்பியிருப்பார்தான். போன கோடையில் கொல்லையிலேயே மயங்கி விழுந்தவர், “வெயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. முந்தின நாள் பஸ்ஸுல எவனோ ரெண்டு பக்க ஜன்னலையும் திறந்து வச்சான், குறுக்குக் காத்து அடிச்சிடுச்சு” என்று சாதித்தவர் அவர்.

ராத்மிலா காரோவின் பக்கத்தில் மண்டியிட்டாள். “முதல்ல கத்திரியை மறந்துடுங்க. இந்த ரோமம் போர்வை இல்ல, கூரை. மழிச்சா வெயில் நேரா தோல்ல இறங்கும்.”

“அப்ப சூடு எப்படிப் போகும்?”

“ரயில் இன்ஜின் ஓட்டினவராமே நீங்க? ரேடியேட்டருக்கு முன்னால ஃபேன் எதுக்கு வைக்கிறாங்க?”

“காத்து ஓடினாத்தானே சூடு போகும்? இதுகூடத் தெரியாதா?” என்றவர், சட்டென்று நாயின் நாக்கை உற்றுப் பார்த்தார். “அட! ரேடியேட்டரை வெளிய தொங்கவிட்டுக்கிட்டுத் திரியறானா பய!”

“அதேதான். பாதத்துல மட்டும் லேசா வேர்க்கும். மத்த சூடெல்லாம் நாக்கு வழியாத்தான் போகணும். அதனால உள்ள காத்து ஓடணும். எதிரெதிர் ஜன்னல் ரெண்டையும் திறங்க.”

“குறுக்குக் காத்தா? கழுத்துப் பிடிச்சுக்கும்! காது அடைச்சுக்கும்!”

“நாய்க்கா?”

ஸ்வெதோசார் யோசித்தார். “நாய்க்கு வந்து நான் பார்த்ததில்ல.”

நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் இரண்டு ஜன்னல்கள் ஒரே நேரத்தில் திறந்தன. கிழவர் முன்னெச்சரிக்கையாகக் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டார்.

“வயித்துலயும் பாதத்துலயும் கிணத்துத் தண்ணி ஊத்துங்க. முதுகுல வேண்டாம், ஈர முடி மூடி போட்ட மாதிரி சூட்டை உள்ளயே வச்சுக்கும். ஐஸ் தண்ணியும் வேண்டாம்.”

“எல்லாம் சரி டாக்டரம்மா. உள்ள இருக்க மாட்டேங்கிறானே, அதுக்கு என்ன வழி?”

“இது ஆட்டு மந்தையைக் காக்கப் பிறந்த சாதி. மந்தை வெயில்ல நின்னா இதுவும் நிக்கும். இங்க இதோட மந்தை நீங்க ஒருத்தர்தான்.”

ஸ்வெதோசார் குனிந்து காரோவின் காதைத் தடவினார்.

“பத்து மணியிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் நீங்க உள்ள இருந்தா, இதுவும் இருக்கும். மணிக்கொரு தடவை இது முன்னால நீங்க தண்ணி குடிங்க, பார்த்துட்டு இதுவும் குடிக்கும். பிளம் பழச் சாராயம் வேண்டாம், அந்த வாசனை இதுக்கு ஆகாது.”

“ஒரு சின்ன டம்ளர்கூடவா?”

“காரோ வேணுமா, சாராயம் வேணுமா?”

கிழவர் புட்டியை எடுத்து மகள் கையில் கொடுத்தார்.

கடைசியாக, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை ராத்மிலா எடுத்ததும் காரோ உறுமியது.

“பயப்படுது. முதல்ல உங்க கையில கட்டிக் காட்டறேன்.”

“பாருடா கோழைப்பயலே, ஒண்ணும் பண்ணாது!” என்று சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார் ஸ்வெதோசார்.

மூன்று வாரம் கழித்து யஸ்மிங்காவும் ராத்மிலாவும் மறுபடி வந்தபோது உச்சிவெயில். காரோ கல் தரையில் வயிற்றைப் பரப்பிச் சுகமாகக் கிடந்தது. பக்கத்திலேயே தண்ணீர்க் கூஜாவோடு ஸ்வெதோசார். கழுத்தில் துண்டு இல்லை. “ரேடியேட்டர்யா, ரேடியேட்டர்!” என்று ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பட்டையைப் பார்த்ததும் தானாகவே கையை நீட்டினார். “முதல்ல எனக்குக் கட்டுங்க. பய பார்க்கட்டும்.”

கிளம்பிய கார் தெருமுனை திரும்பும்வரைகூட யஸ்மிங்காவுக்குப் பொறுக்கவில்லை.

“எப்படி இருக்கு டாக்டர்?”

“பிரஷர் நூத்தி எழுபதுல இருந்தது நூத்தி நாப்பதுக்கு வந்திருக்கு. துடிப்பும் சீரா இருக்கு.”

“காரோ?”

“நாயைப் பத்தி எனக்கென்ன தெரியும்? நாய் வைத்தியர் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சேன்” என்று சிரித்தாள், நோவி சாத் நகரின் இதய டாக்டர் ராத்மிலா. “ஆனா ஒண்ணு யஸ்மிங்கா, அந்த நாய் கூட இருக்கிற வரைக்கும் உங்கப்பா வெயில்ல இறங்க மாட்டார்.”