இருபத்தொன்றாவது ஆள்

ஆஸ்பத்திரியின் சோதனை அறையில் இருந்தவர்கள்: டாக்டர் பிரிஸில்லா, எஸ்டேட் வேன் டிரைவர் மோசஸ், அவர் மனைவி தபித்தாள், கருவியை இயக்கும் நான்.

இரண்டு மாதம் முன்பு, சேரம்பாடி மலை ரோட்டுப் பனிமூட்டத்தில் ஒரு பெண் குறுக்கே நின்றதாக நினைத்துப் பிரேக் அடித்ததில் மோசஸுக்குத் தலையில் அடிபட்டது. அங்கே பெண் யாரும் இல்லை. கவனம் சரியாக இருக்கிறது என்று இந்தச் சோதனை சொன்னால்தான் மறுபடி வேலை.

கணினிக் காட்சியைக் கண்முன் காட்டும் வி.ஆர். கண்ணாடியை மாட்டினால் ஒரு வேன் தெரியும். ஒவ்வோர் ஆள் ஏறும்போதும் பொத்தானை அழுத்த வேண்டும். ஏறுவது இருபது பேர். மோசஸ் இருபத்தொரு முறை அழுத்தினார்.

"கடைசியா ஏறுனது யாருங்க?" என்றார் டாக்டர்.

"அன்னிக்கு ரோட்டுல நின்ன அந்தம்மாதானுங்க."

"ஏனுங்க, வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. பொழப்பு போயிரும்" என்றாள் தபித்தாள்.

டாக்டர் சிரித்தார். "மொதத் தடவ எல்லாருமே தடுமாறுவாங்க. இன்னொருக்கா பாக்கலாம்."

மறுமுறை சரியாக இருபது. டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

கிளம்பும்போது மோசஸ் கதவைப் பிடித்துக்கொண்டு, வேனிலிருந்து ஆட்களை இறக்குவதுபோல் தலைகளை எண்ணினார். தபித்தாள், டாக்டர், நான் வெளியே வந்தோம். அவர் கதவை விடவில்லை. சற்று ஒதுங்கி, இன்னோர் ஆள் கடக்கும் நேரம் நின்றார். அதன் பிறகுதான் சாத்தினார். நான் பூட்டினேன்.