கயிறு பிடித்தவன்

உறைந்து நின்ற அருவியின் அடியில் மந்தானா தன் இடுப்புப் பட்டையில் கயிற்றை முடிந்துகொண்டாள். உச்சியில் கட்டிய வளையம் வழியாகக் கீழே வந்த மறுமுனையை பெஹ்ரங்கிடம் நீட்டினாள்.

"நீங்க பிடிங்க, பெஹ்ரங் ஜான்." அண்ணனின் நண்பனை அவள் எப்போதும் இப்படித்தான் அன்பாக 'ஜான்' சேர்த்துக் கூப்பிடுவாள்.

அவன் ஹூமனைப் பார்த்தான். ஹூமன் பிளாஸ்கிலிருந்து தேநீரை ஊற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. டெஹ்ரானிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பியிருந்தார்கள். வழியெல்லாம் காரில் யாரும் பாட்டுப் போடவில்லை.

போன குளிர்காலத்தில் இதே பனிச்சுவரில்தான் மந்தானாவின் அண்ணன் கஸ்ரா விழுந்து செத்தான். கோடரி நழுவிவிட்டது என்று அவன் வீட்டாரிடம் பெஹ்ரங் சொல்லியிருந்தான். அந்தப் பனியில் ஒரு தடவை ஏறிப் பார்க்க வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்ததால்தான் அண்ணனின் நண்பர்கள் இருவரும் அவளைக் கூட்டிவந்தார்கள்.

அவள் கோடரியை ஓங்கிக் கொத்தினாள். காலணி முட்களை உதைத்து ஊன்றினாள். பனிச் சில்லுகள் பெஹ்ரங்கின் தலைக்கவசத்தில் படபடவென்று விழுந்தன.

"முதல் தடவை நீ பூனை மாதிரி கத்தினே. அவ எப்படி ஏறுறா பாரு" என்றான் ஹூமன் பெஹ்ரங்கிடம்.

யாரும் சிரிக்கவில்லை.

பெஹ்ரங்கின் வலது கை கயிற்றை இடுப்போடு சேர்த்து இறுக்கியிருந்தது. விரல்கள் வலித்தன. தளர்த்தவில்லை.

மூன்று மாடி உயரத்தில் அவள் நின்றுவிட்டாள். முகம் பனியைப் பார்த்தபடியே இருந்தது.

"நாலு மாசமா பயிற்சிக்குப் போறேன். கோடரி நழுவினா கயிறு தாங்கும்னு முதல் நாளே சொல்லிக்கொடுத்துட்டாங்க. எங்கண்ணனை மட்டும் ஏன் தாங்கலை?"

ஹூமன் தேநீரை அப்படியே கீழே வைத்தான். அன்று அவன் காரில் மறந்துவிட்டு வந்த பையை எடுக்கப் போயிருந்தான். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதுவரை அவனும் கேட்டதில்லை.

"கயிறு யார் கையில இருந்துச்சு?" மந்தானா மேலிருந்து கேட்டாள்.

"என் கையிலதான்" என்றான் பெஹ்ரங்.

"ஏன் விட்டீங்க?"

இப்போது அவள் உயிரும் அதே கையில்தான் இருந்தது. தெரிந்துதான் அங்கே ஏறி நின்று கேட்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. ஒரு வருடமாக இந்தக் கேள்விக்காகத்தான் அவன் பதிலை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"கை விறைச்சுப்போச்சு. ஒரு நிமிஷம் சூடு பண்ணிக்கலாம்னு பாக்கெட்டுல விட்டேன்."

"குளிருதுன்னு விட்டீங்களா?"

"ஆமா."

அவள் கோடரியைப் பனியிலிருந்து பிடுங்கினாள்.

"இறக்குங்க" என்றாள்.

அங்குலம் அங்குலமாக இறக்கினான். அவள் கால் தரையைத் தொட்ட பிறகும் கயிற்றை விட அவனுக்கு மனம் வரவில்லை.

முடிச்சை அவிழ்க்க அவள் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. ஹூமன் வந்து அவிழ்த்துவிட்டான். அவள் அழவில்லை.

"உங்களைத் தன் பிள்ளைன்னு சொல்லிக்கிட்டிருக்கா எங்கம்மா. இனிமே அவ முகத்துல முழிக்காதீங்க."

அவளோடு ஹூமனும் நடந்தான். பெஹ்ரங்கைக் கடக்கும்போது அவனும் தலை நிமிரவில்லை.

இருவரும் வளைவில் மறையும்வரை பெஹ்ரங் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

கஸ்ரா விழுந்தது பதினொன்றே கால் மணிக்கு. பன்னிரண்டரை என்று போலீசில் எழுதிக்கொடுத்தவன் பெஹ்ரங்தான். தான் பதினோரு மணி வாக்கில் போன் செய்தபோது அண்ணன் உயிரோடுதான் இருந்தான் என்று மந்தானா இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள். மதியச் சாப்பாட்டுக்கு வருவார்களா என்று கேட்கத்தான் அழைத்தாளாம். அடக்கத்தன்று அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அண்ணன் எடுக்கவில்லையாம். அதனால் அவன் நண்பனுக்குப் போட்டாளாம்.

கஸ்ரா விழுந்த அன்று பெஹ்ரங்கின் கை விறைக்கவேயில்லை. பாக்கெட்டில் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் யாருக்கு என்னவோ என்று கையுறையைக் கழற்றி எடுத்துப் பார்த்தான்.

திரையில் மந்தானாவின் பெயர் இருந்தது.