பத்து வாத்து

முதல் வாத்து புல்லுக்குள்ளிருந்து படபடவென்று கிளம்பியது. செல்லமுத்து சுட்டார். டப்பென்று சத்தம் வந்தது. வாத்து தன் பாட்டுக்குப் பறந்து போனது.

போன ஞாயிறு சுடவில்லையல்லவா, கை பழக வேண்டும் என்று சொல்லிக்கொண்டார்.

சுவரோரம் நின்ற அவர் மனைவி அத்தாயி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மகள் சின்னவளாக இருந்தபோது சேந்தமங்கலத்தில் பொம்மைத் துப்பாக்கியோடு வாங்கி வந்த டிவி கேம் அது. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். துப்பாக்கி அப்பனுக்கு என்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்ற கையோடு பத்து வாத்து சுட்டால்தான் அவருக்குச் செரிக்கும். பத்தும் விழும்.

இரண்டாவது வாத்தும் போனது. மூன்றாவதும் போனது.

மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டிலிருந்து சேந்தமங்கலம் போகும் மினிபஸ்ஸுக்கு இருபத்திரண்டு வருடமாக அவர்தான் டிரைவர். இறங்க எழுபது கொண்டை ஊசி வளைவு, ஏற எழுபது. வண்டியில் ஒரு கீறல் கிடையாது.

இந்த ஆறு மாதமாகத்தான் அத்தாயிக்குப் பயம். எதிரே இருக்கும் டம்ளரை அவர் தடவித்தான் எடுக்கிறார். வாசலில் வந்து நிற்கும் பங்காளியை யாரென்று கேட்கிறார்.

போன வாரம் முப்பத்தாறாவது வளைவில், பலாப்பழம் ஏற்றி வந்த மொபெட்டுக்கு ஒரு சாண் முன்னால்தான் பஸ் நின்றது. வெயில் கண்ணில் அடித்துவிட்டது என்றார் செல்லமுத்து. அன்றைக்கு மலையில் வெயிலே இல்லை, ஒரே மூடுபனி என்று கண்டக்டர் தனியாக வந்து அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கண்ணாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் கெஞ்சினாள், அழுதாள், ஒரு நாள் பட்டினிகூடக் கிடந்தாள். அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். கடைசியில் ஒரு வார்த்தை விட்டார். என்றைக்குத் தன் வாத்து விழவில்லையோ, அன்றைக்குத் தானே பஸ் சாவியைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

அவர் சொன்ன சொல் தவறாதவர். ஆனால் அதை நம்பி என்ன பிரயோசனம்? இருபத்தைந்து வருடமாகப் பறக்கிற அதே வாத்துகள். எது எங்கே திரும்பும் என்பது அவருக்கு மனப்பாடம். மலைப்பாதையும் மனப்பாடம்தான். வளைவுக்கு அந்தப் பக்கம் ஏறி வருகிறவர்களை யாரால் மனப்பாடம் செய்ய முடியும்?

அந்த வாரமே இடி விழுந்து பழைய டிவி கருகிப் போனது. வியாழக்கிழமை புது டிவி வந்து சுவரில் பாதியை அடைத்துக்கொண்டது. இவ்வளவு பெரிய படத்தில் வாத்து எங்கே தப்பிக்கும் என்று, இன்றைக்குத் துப்பாக்கியைக் கையில் எடுத்தவரே அவர்தான்.

ஆறாவதும் போனது.

அவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். கட்டில் காலைத் தாண்டி ஓரடி முன்னால் வைக்கவில்லை. எப்போதும் நிற்கிற இடம் அதுதான். கிட்டப் போய்ச் சுட்டால் அது திருட்டாட்டம்.

திடீரென்று துப்பாக்கியை அத்தாயியிடம் நீட்டி, ஒன்று சுட்டுப் பார்க்கச் சொன்னார். அவள் வாங்கிச் சுட்டாள். வாத்து பறந்து போனது. அந்தக் காலத்திலேயே அவளுக்கு ஒன்றும் விழுந்ததில்லை. அவர் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

எட்டு. ஒன்பது.

பத்தாவதுக்கு அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குறி பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. டப்பென்ற சத்தம் மட்டும் கேட்டது.

அந்த வாத்தும் போனது.

செல்லமுத்து துப்பாக்கியைக் கட்டில்மேல் வைத்தார். சட்டைப் பையிலிருந்து பஸ் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"துப்பாக்கி பொய் சொல்லாது புள்ள. நாளைக்கு நாமக்கல் போயி கண்ணக் காட்டிட்டு வரலாம்."

பாவம், எழுபது வளைவுக்கும் பயப்படாத மனுசன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவளுக்கு வாய்வரை வந்துவிட்டது. முப்பத்தாறாவது வளைவை நினைத்தாள். விழுங்கிக்கொண்டாள்.

ஒருதரம் பஸ்ஸைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று அவர் வாளியோடு வெளியே போனார். அத்தாயி ஒயரைச் சுருட்டினாள். துப்பாக்கியைப் பழைய புடவையில் சுற்றினாள். கண்ணீர் அதன்மேல் சொட்டியது.

வியாழக்கிழமை டிவி மாட்ட வந்த முரளி, பழைய டிவி கருகியதும் பரண்மேல் போட்டிருந்த இந்தத் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தான். செல்லமுத்து அப்போது பஸ்ஸில் இருந்தார்.

"இதத் தூக்கிப் போட்டுருங்கக்கா. பழைய டப்பா டிவியிலதான் இது சுடும். இந்த டிவியில எந்தச் சூரன் வந்து சுட்டாலும் ஒரு வாத்து விழாதுங்க."

சரி சாமி என்று தலையாட்டினாள். அவன் போன பிறகு அதைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டித் துடைத்து, கட்டிலருகே அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள்.