குறி தவறாத கேப்டன்

“கண்ணு தெரியாத கழுதை! எதைச் சுடச் சொன்னா எதைடா சுட்டே?”

கர்னல் ஷவ்கத், அத்தனை பேர் முன்னால் கேப்டன் குதைபாவின் தொப்பியைத் தட்டிவிட்டார். தொப்பி மணலில் உருண்டது.

இத்தனைக்கும் குதைபாவின் டாங்கிகள் சுட்டதில் ஒரு குண்டுகூடத் தவறவில்லை. இலக்காக நிறுத்தியிருந்த பழைய லாரிகள் எல்லாம் இன்னும் புகைந்துகொண்டிருந்தன. ஜீப் ஓட்டும் எனக்கே அது தெரிந்தது. கர்னலுக்குத் தெரியாதா?

எங்கள் நாட்டில் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை; அதனால் டாங்கிக்கும் பஞ்சமில்லை. குண்டுக்குத்தான் பஞ்சம். அது அரண்மனைக் காவல் படையிடம் பூட்டிக் கிடக்கும். வருடத்தில் ஒருநாள், இந்தக் குறிபார்த்துச் சுடும் போட்டிக்கு மட்டும் கொண்டுவந்து கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு, தங்கள் துப்பாக்கிகளை எங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நிற்பார்கள். எல்லாம் எங்கள் பாதுகாப்புக்குத்தானாம்!

அப்படியும் குதைபா விடவில்லை. வெற்றுப் பீரங்கியை வைத்தே தினமும் ஆட்களைப் பழக்கினார். ஓட்டுகிறவனுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தார். சுடுகிறவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். எங்கள் படையில் அதிகாரி தனக்குத் தெரிந்ததைப் பிறத்தியாருக்குச் சொல்வதாவது! வீரர்களோடு ஒரே தட்டில் வேறு சாப்பிட்டார். முதல் பரிசு வாங்கி மேஜராகிவிட வேண்டும் என்று மனிதருக்கு அவ்வளவு வெறி.

பரிசு கொடுக்க வந்தவர் நாட்டுத் தலைவரின் மாப்பிள்ளை. முப்பது வயதிலேயே ஜெனரல். மார்பில் இன்னொரு பதக்கம் குத்த இடமில்லை. எந்தப் போரில் வாங்கினார் என்று கேட்க ஆளும் இல்லை.

குதைபாவின் கடைசிக் குண்டும் லாரியில் விழுந்ததும் அவருடைய ஆட்களுக்குத் தலைகால் புரியவில்லை. “குதைபா! குதைபா!” என்று கத்தினார்கள். தலைவர் பெயரைத் தவிர வேறு பெயரை அந்த மைதானம் கேட்டதே இல்லை.

ஜெனரல் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“யாரு அது, குதைபா?”

அந்த நொடியில்தான் எங்கள் கர்னல் பாய்ந்துபோய்த் தொப்பியைத் தட்டிவிட்டது.

“இடது பக்கம் சுடச் சொன்னேன் ஐயா, இந்த மடையன் வலது பக்கம் சுட்டிருக்கான். பட்டதெல்லாம் குருட்டு அதிர்ஷ்டம். கேலி பண்ணித்தான் பேரைச் சொல்லிக் கத்துறானுங்க.”

ஜெனரலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நல்ல ஆளை வெச்சிருக்கே அபூ மாஜித்! இவனை ரொட்டிக் கிடங்குக்கு அனுப்பு.” மகன் பெயரை வைத்து அபூ மாஜித், அதாவது மாஜிதின் அப்பா, என்றுதான் எங்கள் கர்னலை எல்லோரும் கூப்பிடுவார்கள்.

“இன்னிக்கே அனுப்பிடறேன் ஐயா.”

பரிசு கேப்டன் ஸுஹைருக்குப் போனது. அவர் சுட்ட குண்டுகள் குன்றில் விழுந்தன. ஒன்று மட்டும் எங்கே விழுந்தது என்று இதுவரை தெரியாது.

“குன்றை ஏன்யா அடிச்சே?” என்று ஜெனரல் கேட்டார்.

“எதிரி அதுக்குப் பின்னாலதானே ஒளிஞ்சிருப்பான் ஐயா!”

எல்லோரும் கைதட்டினார்கள். ஜெனரல் அவர் கன்னத்தில் முத்தமிட்டார்.

திரும்பும்போது ஜீப்பில் எங்கள் மூவரைத் தவிர யாருமில்லை. நான் கர்னலின் குலத்துப் பையன். எனக்கு இந்த வேலை கிடைத்ததே அதனால்தான். என் முன்னால் எதுவும் பேசலாம். குதைபா வெடித்தார்.

“பொறாமை! உங்களுக்குப் பொறாமை!”

“சரி, வெச்சுக்கோ.”

“போன வருஷம் மேஜர் ஸபீஹும் இப்படித்தான் ஒண்ணு விடாம அடிச்சார். ஜெனரல் தன்னோட கார்லேயே அவரைத் தலைநகருக்குக் கூட்டிட்டுப் போனார். திறமைக்கு அங்க மரியாதை இருக்கு. நீங்கதான் நடுவுல நின்னு கெடுக்கறீங்க!”

குதைபாவின் தொப்பி கர்னலின் மடியில் இருந்தது. அதிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டே வந்தார்.

முகாம் வாசலில் கறுப்பு அபாயா அங்கி அணிந்த ஒரு பெண், தோளில் தூங்கும் குழந்தையோடு நின்றாள். ஜீப்பைக் கண்டதும் ஓடி வந்தாள்.

“அபூ மாஜித், ஏதாவது தெரிஞ்சுதா?”

“இன்னும் இல்லம்மா.” கர்னல் தலையை நிமிர்த்தவில்லை.

அவள் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

“யார் இவங்க?” என்றார் குதைபா.

கர்னல் தொப்பியை அவர் தலையில் வைத்து அழுத்தினார்.

“ஸபீஹோட மனைவி. அந்தக் கார் எங்க போய் நின்னுதுன்னு கேட்டு வாரா வாரம் வர்றா.”