இரும்புக்குப் பக்கத்தில் நிற்பவர்

முகநூலில் தன்னைச் ‘சிற்றுருச் சிற்பி’ என்று அறிவித்துக்கொண்ட நிரஞ்சன், ஸ்கந்தபுரத்தில் சிவலட்சுமி அக்கா வீட்டு விறாந்தையில் முழந்தாளிட்டிருக்கிறான். இராணுவத்தில் ஓடித் தேய்ந்து, பிறகு காடு வெட்ட வந்த பழைய புல்டோசரைக் காகித மட்டையில் சிறிதாகச் செய்யவேண்டும். இணையமெல்லாம் தேடியும் அகப்படாத அதன் படம் இங்கே மாலைக்குப் பின்னால் தொங்குகிறது; அதை ஓட்டிய, அக்காவின் காலஞ்சென்ற கணவர் அதன் பக்கத்தில் நிற்கிறார். அக்கா மாலையைக் கழற்றி, சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து, வெளிச்சம் விழும்படி கதிரையில் சாத்துகிறார். “இவரை ஆர் தம்பி இப்ப தேடி வருகினம்? வடிவா எடுங்கோ.” நிரஞ்சன் கைபேசியில் சங்கிலிப் பட்டியை எடுக்கிறான், முன்தகட்டை எடுக்கிறான், புகைக்குழாயை எடுக்கிறான். பட்டியைச் சுழற்றும் முக்கியமான சில்லைச் சாரதியின் கால் மறைக்கிறது. மனுசன் கொஞ்சம் விலகி நின்றிருக்கலாம் என்று நினைத்த மறுகணமே அவனுக்குக் காது சுடுகிறது.

“ஒருக்கால் காட்டுங்கோ.” அக்கா கைபேசியை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறார். “எல்லாத்திலயும் இரும்புதானே நிக்குது. இவர் எங்கை?”

“இனித்தான் அக்கா, அவரை எடுக்கப்போறன்.” சிற்பியின் வாயில் பொய் வழுவழுப்பாக வருகிறது. கைபேசியை முகத்துக்கு நேரே கொண்டுபோகிறான். இவ்வளவு நேரமும் அவன் பார்க்காத அந்த முகம் சிரித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் அக்கா, தன்னைத்தான் எடுக்கப்போவதுபோல, தலைமயிரை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து நிற்கிறார்.